கம்பெனிக்குக் காய்ச்சல் வந்த வருஷம்

கடல் தாண்டிய தேசங்களில் யாரோ லாரி வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள், அதனால் இங்கே லாரி செய்கிறவர்கள் செய்த லாரிகளை வைக்க இடமில்லாமல் கேழ்வரகு விளைந்த கொல்லைகளை வாடகைக்குப் பிடித்து வரிசை வரிசையாக நிறுத்தினார்கள், அதனால் லாரிக்கு அச்சு செய்து கொடுக்கும் எங்கள் சூளவாடிக் கம்பெனிக்கு ஆர்டர் வருவது நின்றது, அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கம்பெனிக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் ரோஜாமணி. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் மதிலோடு மதிலாகத் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்கிறவள். ஓசூர்ப் பக்கத்துக் குளிரில் மாவு பொங்குவதற்குள் மனுஷனுக்குப் பொறுமை போய்விடும். அன்றைக்கு மதிலோரம் வைத்த மாவு, அவள் அடுப்பைப் பற்றவைத்து நிமிர்வதற்குள் பொங்கி, வாளியைத் தாண்டி, சாக்கடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது. ரோஜாமணி மதிலைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைக்கு நெற்றியில் வைத்துப் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"அடி ஆத்தா, அனலா கொதிக்குதே" என்றாள்.

சுவருக்கு எப்படிக் காய்ச்சல் வரும் என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. நட்டம் வந்தால் முதலாளிக்குக் காய்ச்சல் வரும், முதலாளியை நாங்கள் யாரும் கண்ணால் கண்டதில்லை, அவர் எந்த ஊரில் படுத்துத் தூங்குகிறார் என்றுகூடத் தெரியாது, ஆகவே வரவேண்டியது வழி தெரியாமல் கம்பெனிக்கே வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டோம். பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர்கள் சுவரில் ஒயர் வைத்துப் பார்த்தார்கள், தரையைத் தோண்டிப் பார்த்தார்கள், கொதிகலனை அணைத்துவிட்டுப் பார்த்தார்கள், சூடு குறையவில்லை. அவர்கள் போனதும் எங்கள் பெண்கள் வேலையை ஆரம்பித்தார்கள். கேட்டில் வேப்பிலை கட்டினார்கள், கம்பெனியைச் சுற்றியிருந்த வீடுகளில் தாளிப்பதையும் வறுப்பதையும் நிறுத்தினார்கள், கேழ்வரகுக் கூழ் காய்ச்சி மோர் ஊற்றிக் கரைத்துக் கேட் முன்னால் எல்லோருக்கும் ஊற்றினார்கள். சங்கு சத்தம் காய்ச்சல்காரர்களுக்கு ஆகாது என்று சொல்லி ஷிப்ட் சங்கைக்கூட நிறுத்தச் சொன்னார்கள், ஆட்களைப் பற்றிய காரியங்களைப் பார்க்கும் அதிகாரி பிரசன்னா, எதையும் வலிக்காமல் பேசத் தெரிந்த பிள்ளை, அதற்கும் சரி என்றார். கடைசியாகத் தீயணைப்பு வண்டியில் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்துக் கம்பெனியின் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். தகரக் கூரையிலிருந்து எழும்பிய ஆவியில் ஊரே மறைந்தது, ஆவி கலைந்ததும் பார்த்தால் காய்ச்சல் அப்படியே இருந்தது.

அம்சவேணியும் சென்றாயனும் அந்தக் கம்பெனிக்குள்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவன் அச்சில் துளை போடுகிற மிஷினில் நிற்பான், அவள் அவன் போட்ட துளைக்குள் ஊசியை விட்டு அளவு சரியா என்று பார்ப்பாள். அவன் பர்மனென்ட், அவள் காண்ட்ராக்ட். அவனுக்கு நீலச் சட்டை, அவளுக்குச் சாம்பல் கோட்டு. அவனுக்குக் கண்ணாடி டம்ளரில் டீ, அவளுக்குக் காகிதக் கப்பில் டீ, டீ என்னவோ ஒரே பாத்திரத்து டீதான். அவன் கம்பெனி பஸ்ஸில் வருவான், அதே வீட்டிலிருந்து அதே நேரத்துக்கு அவள் வேனில் ஆட்டுக்குட்டிகளுக்கு மத்தியில் நிற்பதுபோல் நின்று வருவாள். அவளைப் போன்றவர்களை வருஷம் நிறையும் முன்பே "பிரேக்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பி, சில வாரம் கழித்துப் புது நம்பர் கொடுத்துப் புது ஆளாக உள்ளே எடுப்பார்கள். நேற்று வரை தன் உள்ளங்கைபோல் தெரிந்த மிஷினுக்கு முன்னால் நின்று, இன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவள்போல் பாதுகாப்பு வகுப்பைக் கேட்டு, கடைசியில் கையும் தட்டிவிட்டு அம்சவேணி ஊசியை எடுப்பாள். இப்படி எட்டு வருஷமாக அவள் புது ஆளாகவே இருந்தாள்.

பர்மனென்ட் ஆனதும் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். வயிற்றோடு இருப்பவளை அடுத்த பிரேக்குக்குப் பிறகு கூப்பிட மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஒவ்வொரு பிரேக்குக்கும் பிள்ளை ஒரு தடவை தள்ளிப் போயிற்று. அம்சவேணிக்கு முன்நெற்றியில் நரை வந்துவிட்டது.

காய்ச்சல் இறங்காத மூன்றாம் வாரத்தில் சாம்பல் கோட்டுக்காரர்களை அனுப்புவது என்று முடிவானது. காய்ச்சல்காரன் முதலில் போர்வையைத்தான் உதறுவான், போர்வை அதற்காகக் கோபித்துக்கொள்ள முடியுமா? அம்சவேணி கோட்டை மடித்துக் கொடுத்தாள், ஊசியைத் துடைத்துக் கொடுத்தாள், கேட்டைத் தாண்டினாள். தாண்டியவள் சும்மா போயிருக்கலாம். எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, உடம்பு சரியில்லாத பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறபோது அதன் முகத்தை இரண்டு உள்ளங்கையாலும் வழித்து, "உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும்" என்று சொல்லி, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து மடக்கிச் சொடக்கு எடுப்பார்கள். சொடக்கு எத்தனை சத்தமாக விழுகிறதோ அத்தனை பாசம் என்று கணக்கு. பெற்ற பிள்ளைக்குச் செய்யவேண்டிய அதை, பிள்ளை இல்லாத அம்சவேணி, கேட் தூணுக்குச் செய்தாள். செக்யூரிட்டி சிரிக்கிறானே என்றுகூடப் பார்க்காமல், தூணை மேலிருந்து கீழாக வழித்து, "சீக்கிரம் தேறு. எனக்கு வரட்டும்" என்றாள்.

பத்து விரலும் பட்டாசுபோல் சொடுக்கின. அவள் சொன்ன வாய் மூடுமுன் தூண் ஜில்லிட்டுப் போயிற்று, அவள் நெற்றி கொதிக்க ஆரம்பித்தது.

அதை ரோஜாமணி பார்த்தாள், செக்யூரிட்டி பார்த்தான், மாடியிலிருந்து பிரசன்னாவும் பார்த்தார். மறுநாளே சாம்பல் கோட்டுக்காரர்களை அனுப்புகிற முறை மாறிவிட்டது. மதிலோரம் ஷாமியானா போட்டார்கள், நன்றி சொல்லி ஃபிளெக்ஸ் கட்டினார்கள், ஆளுக்கொரு மிக்சர் பொட்டலமும் ஒரு லட்டும் கொடுத்தார்கள். ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர் லோகநாதன் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார்.

"கம்பெனி நமக்குத் தாய் மாதிரிங்க. தாய்க்கு உடம்பு முடியலன்னா நாம பாத்துக்கிட்டு சும்மா இருப்பமா? யாரையும் கட்டாயப்படுத்தல. மனசார தொட்டுச் சொடக்கு எடுக்கறவங்க எடுங்க. கம்பெனி தேறினதும் எடுத்தவங்களத்தான் மொதல்ல கூப்பிடுவோம்."

அதற்குப் பிறகு யாருக்கு மனசார வராது? வரிசையில் நின்று மதிலை வழித்து வழித்துச் சொடக்கு எடுத்தார்கள். சிலருக்குச் சொடக்கு விழவில்லை, அவர்களுக்குக் காய்ச்சலும் வரவில்லை, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள், பாசமில்லாதவர்கள் என்று நாங்களும் அவர்களைப் பேசினோம். ஒவ்வொருவர் வெளியேறவும் மதில் கொஞ்சம் கொஞ்சமாக ஆறி வந்தது. கடைசி சாம்பல் கோட்டு வெளியே போன அன்று தகரக் கூரையில் புறாக்கள் திரும்ப வந்து உட்கார்ந்தன. உள்ளே நீலச் சட்டைக்காரர்கள் குளிர்ந்த சுவரில் முதுகைச் சாய்த்து, அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். அதில் சென்றாயனும் ஒருவன்.

காய்ச்சல் ஆளைக் கொல்லவில்லை, விடவும் இல்லை. அது மாத்திரைக்கு இறங்குகிற காய்ச்சல் அல்ல, கம்பெனியின் காய்ச்சல். சூடு கண்டவர்கள் வீட்டு வேலை செய்தார்கள், தண்ணீர் பிடித்தார்கள், சண்டை போட்டார்கள், ஆனால் உள்ளங்கையில் எடுத்த சோறு வாய்க்குப் போவதற்குள் பருக்கை பருக்கையாகக் காய்ந்தது, தலையில் வைத்த மல்லிகை தெருமுனைக்குள் கருகியது. ஊர் முதலில் பரிதாபப்பட்டது, பிறகு பழகிக்கொண்டது, பழகியதும் பயன்படுத்திக்கொண்டது. மார்கழிப் பனியில் மாவு பொங்காத வீட்டுக்காரிகள் வாளியைத் தூக்கிக்கொண்டு அம்சவேணி வீட்டுக்கு வந்தார்கள், பிள்ளைகளின் ஈரச் சீருடையைக் கொண்டுவந்தார்கள், அப்பளத்தைக் கொண்டுவந்தார்கள், குளிர்காலத்தில் பஸ்ஸில் சூடு கண்டவர்களுக்குப் பக்கத்து சீட்டுக்கு அடிதடி நடந்தது, சித்திரை வந்ததும் அதே சீட்டில் உட்கார ஆளில்லை. தெருநாய்கள் மட்டும் பேதம் பார்க்காமல் எல்லாக் காலத்திலும் அவர்கள் வாசலில் படுத்தன.

சூட்டை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொள்ள முடியும் என்று தெரிந்தபோது குடும்பங்களில் அதற்கும் ஒரு ஏற்பாடு வந்தது. வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும். கொடுக்கிறவர் நினைத்தால் கொடுக்க முடியாது. முகத்தை வழித்து, "எனக்கு வரட்டும்" என்று மனசாரச் சொன்னால் சொடக்கு விழும், சூடு இடம் மாறும். காலையில் மாமியார், மதியத்துக்கு மேல் மருமகள், ராத்திரிக்கு மகன் என்று ஷிப்ட் போட்டு வைத்துக்கொண்டார்கள். அதைச் சுவரிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று சிலர் மதிலைக் கட்டிப் பிடித்துப் பார்த்தார்கள். சுவருக்கு வழிக்கக் கை கிடையாது, சொல்ல வாய் கிடையாது, கேட்க மனமும் கிடையாது.

அம்சவேணியின் வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவன் பர்மனென்ட். சூடு திரும்ப உள்ளே வந்துவிடக்கூடாது என்று கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொரு உள்ளங்கையையும் தொட்டுப் பார்த்துத்தான் விட்டான். ஆகவே எட்டு வருஷத்துக்கு அவள் அளந்து பார்த்த துளைகளைப் போட்ட மனிதன், அவள் பக்கத்தில் படுக்காமல் வாசல் கதவோரம் பாய் போட்டுக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. அவளுக்கு இளநீர் வாங்கி வந்தான், ஈரத்துணி நனைத்துக் கொடுத்தான், தைலம் வாங்கினான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

ரோஜாமணிதான் பொறுக்காமல் ஒரு மத்தியானம் வந்து, "எனக்கு வரட்டும்டி, நீ செத்த நேரம் கண்ணயரு" என்று வாங்கிக்கொண்டு போனாள். அவள் கடையில் பால் திரிந்தது, சட்னி புளித்தது, அடுப்பே இல்லாமல் எண்ணெய் புகைந்தது. சாயங்காலம் அம்சவேணி போய்த் திரும்ப வாங்கி வந்தாள்.

"ஊர்ல நாலு பேரு மாத்தி மாத்தி வாங்கிக்கறோம் அம்சா, என்ன வந்துச்சு?" என்றாள் ரோஜாமணி.

"வேணாங்க்கா. நீ புள்ளகுட்டிக்காரி" என்றாள் அம்சவேணி.

அவளுக்கு ஊர் சொல்வது வேண்டியிருக்கவில்லை, ஒருவன் சொல்வது வேண்டியிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் கம்பெனி நன்றாகத் தேறிவிட்டது. கொல்லைகளில் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. நெருக்கடியிலும் ஆரோக்கியம் கெடாமல் நின்ற கம்பெனி என்று எங்கேயோ ஒரு பெரிய ஓட்டலில் விருது கொடுத்தார்கள், படம் பேப்பரில் வந்தது, பார்த்து நாங்கள்கூடச் சந்தோஷப்பட்டோம். லோகநாதன் வாக்குத் தவறாதவர், சொன்னபடி சூடு கண்டவர்களைத்தான் முதலில் கூப்பிட்டார். நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் கூப்பிட்டார். வரிசை கேட்டைத் தாண்டி உள்ளே பத்தடி போயிருக்கும், அதற்குள் யாரோ மதிலைத் தொட்டுப் பார்த்து, "ஐயோ, திரும்பச் சுடுது" என்று கத்தினார்கள். அந்த வெயிலில் எந்தச் சுவர்தான் சுடாது? யாரும் கேட்கவில்லை. வரிசையை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டைச் சாத்தினார்கள்.

அவர்களைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய சைக்கிள் ஸ்டாண்டில் நீலச் சட்டைக்காரர்களின் கூட்டம் நடந்தது. பிரசன்னா வழக்கம்போல் வலிக்காமல் பேசினார். முடிவு உங்கள் கையில், அவர்களை உள்ளே விட்டுக் கம்பெனிக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் அப்புறம் அனுப்புவதற்குச் சாம்பல் கோட்டு மிச்சமில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். கைகள் எழுந்தன. சென்றாயனின் கை கடைசியாக எழுந்தது, அக்குளில் கட்டி வந்தவன் கைபோல் தோளுக்கு மேலே போகாமல் நின்றது, ஆனாலும் எண்ணுகிறவர் அதையும் எண்ணினார். அடுத்த வாரமே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் சூடு அறியாத பிள்ளைகள் வந்து இறங்கி, துவைத்து வைத்திருந்த சாம்பல் கோட்டுகளைப் போட்டுக்கொண்டார்கள். அம்சவேணியின் ஊசி இப்போது யார் கையில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.

மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ரோஜாமணி, நேரே அம்சவேணியிடம் வந்து சொன்னாள்.

"கை தூக்கினாரா? வலிச்சிருக்கும்" என்றாள் அம்சவேணி. அன்றைக்கு அவள் மடியிலிருந்த அப்பளம் பொரிந்தே போயிற்று.

சாயங்காலம் அவன் வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்வரை பொறுத்திருந்தாள்.

"தூக்காதவங்க யாராச்சும் இருந்தாங்களா மாமா?"

"ரெண்டு மூணு பேரு. ரிட்டையர் ஆவப் போறவங்க." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "நீ என்ன நினைக்கறன்னு தெரியும் அம்சா. என் கையும் சுட்டா கேட்டுலயே நிறுத்திடுவான். ரெண்டு பேரும் வெளிய நின்னா அடுப்பு எப்படி எரியும்?"

"அடுப்பு எதுக்கு? அதான் நான் இருக்கேனே" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், அதுதான் கொடுமை. ஞாயமெல்லாம் அவன் பக்கம் இருந்தது, காய்ச்சல் மட்டும் அவள் பக்கம் இருந்தது.

தை மாதம் அவள் சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸம்மா நாடி பிடித்து, கையை உதறிக்கொண்டு, பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார்.

"உசுருக்கு ஒண்ணும் ஆவாதும்மா. ஆனா இந்தச் சூட்டுல கரு தங்காது. வயசும் ஏறுது. இத யாருகிட்டயாச்சும் பத்து மாசம் குடுத்து வெச்சிட்டு வா. அப்புறம் வேணும்னா திரும்ப வாங்கிக்க."

அவள் அதை அப்படியே வந்து சென்றாயனிடம் சொன்னாள். கெஞ்சவில்லை, அழவில்லை, கடைச் சாமான் சொல்வதுபோல் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, மார்ச் முடியட்டும் என்றான். மார்ச் முடிந்ததும் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும் என்றான். கையெழுத்தானதும் போனஸ் வரட்டும் என்றான். எட்டு வருஷமாகக் கம்பெனி தள்ளி வைத்த பிள்ளையை இப்போது அவன் தள்ளி வைத்தான். அவள் ஒவ்வொரு தடவையும் சரி என்றாள், ஒவ்வொரு சரிக்கும் அவள் குரல் கொஞ்சம் வற்றியது. எங்களுக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மைதானத்தில் குடும்ப விழா. சூடு கண்டவர்களுக்கு அனுமதி இல்லை. நீலச் சட்டைக்காரர்கள் மனைவி பிள்ளைகளோடு போனார்கள், சென்றாயன் தனியாகப் போனான், எல்லோருக்கும் கொடுத்த எவர்சில்வர் குடத்தை அவனுக்கும் கொடுத்தார்கள். மதியம் அந்தக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்சவேணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஊராரின் மாவு வாளிகள். பக்கத்து வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தையின் ஈரச் சட்டைகள் அவள் மடியிலும் தோளிலும் முழங்கையிலும் காய்ந்துகொண்டிருந்தன, உள்ளங்கை அகலமே உள்ள சட்டைகள், நாடா வைத்துத் தைத்தவை. தூக்கத்திலும் ஒன்று நழுவிவிடாமல் அதன் நுனியை விரலிடுக்கில் பிடித்திருந்தாள்.

சென்றாயன் குடத்தைக் கீழே வைத்தான். பிறகு மண்டியிட்டு, அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, விரல்களை நெற்றிப்பொட்டில் வைத்து, "எனக்கு வரட்டும்" என்றான். சொடக்கு விழவில்லை. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். மறுபடி சொன்னான், விழவில்லை. மூன்றாவது தடவை அவனுக்கு அழுகை வந்துவிட்டது, அழுகையோடு சொன்னான், பத்து விரலிலும் சொடக்கு விழுந்தது.

சூடு வந்து அவனுக்குள் உட்கார்ந்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது, அது வெறும் சூடு அல்ல. நின்றுபோன மிஷின்களின் ஊமைத்தனம் அதில் இருந்தது, வராத ஆர்டர்களும் கட்டாத வட்டியும் இருந்தன, விற்காத லாரிகளின் மேல் விழுந்த வெயிலெல்லாம் இருந்தது, யாரோ முகம் தெரியாத முதலாளி எந்த ஊரிலோ தூங்காமல் கிடக்கவேண்டிய ராத்திரிகளெல்லாம் இருந்தன. இதையா இவள் இத்தனை நாளாக வைத்துக்கொண்டு எனக்குச் சோறு வடித்துப் போட்டாள் என்று நினைத்தான்.

அம்சவேணி எழுந்து குடத்தில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள், தொண்டையில் ஜில்லென்று இறங்கியது, அதற்கே சிரித்தாள். தலை குளித்தாள். ரோஜாமணி ஓடிப்போய் மல்லிகை வாங்கி வந்து வைத்தாள், பூ கருகவில்லை. பொழுது சாய்ந்ததும் அவளுக்குக் குளிரெடுத்தது.

"மாமா, அந்தப் போர்வைய எடு" என்றாள். ஒன்றரை வருஷத்தில் அவள் போர்வை கேட்டது அன்றைக்குத்தான். இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள், ஒரு தடவைகூடப் புரண்டு படுக்காமல் தூங்கினாள், பிள்ளைபோல் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

திங்கட்கிழமை முதல் ஷிப்ட். விடிவதற்கு முன்னால் அவள் கண் விழித்தபோது அவன் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு புதுக் குடத்தின் பக்கத்தில் குந்தியிருந்தான். இரண்டு கையையும் மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விட்டிருந்தான். எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான், மறுபடி விட்டான். தண்ணீரிலிருந்து ஆவி எழும்பியது. அவன் அவளைக் கூப்பிடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவன் தோள் ஒரு தடவை தூக்கிப் போட்டது.

அம்சவேணி போர்வைக்குள் இருந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, போர்வையை மடித்து வைத்துவிட்டு, "கிட்ட வா" என்றாள். அவன் வந்தான். அவன் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை வழித்தாள்.

"எனக்கு வரட்டும்."

முதல் தடவையே விழுந்த அந்தச் சொடக்கு, எதிர் வரிசையில் தன் வீட்டில் அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்த ரோஜாமணிக்குக் கேட்டது. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழம வாங்கிக்கறேன் அம்சா" என்று சொல்லிவிட்டு ஓடினான், ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறினான்.

ஊர் அவனைக் கொண்டாடியது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்றார்கள். பெண்டாட்டியின் சூட்டை வாரத்துக்கு ஒரு நாள் வாங்கி வைத்துக்கொள்ளத் தெரிந்த முதல் ஆண்பிள்ளை என்றார்கள். அதைப் பார்த்து மற்ற நீலச் சட்டைக்காரர்களும், தம்பிக்கோ தங்கைக்கோ மச்சானுக்கோ, வார லீவில் வாங்கி வார நாளில் கொடுப்பது என்று ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் வருகிற தெருக்களில் வீட்டுக்கு வீடு சொடக்குச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு வழி பிறந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். பத்து மாசத்தை ஒரு நாள் ஒரு நாளாகப் பிய்த்துக் கொடுத்தால் அதில் ஒரு பிள்ளை தங்குமா என்று எங்களில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை சென்றாயன் காலையிலேயே குளித்து, விபூதி வைத்து, வாழையிலையில் கட்டிய மல்லிகையோடு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான். முகத்தில் ஒரு கல்யாணக் களை. அவள் மாவு வாளிகளை ஒழுங்காக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு கையையும் அவள் முகத்துக்குக் கொண்டுபோனான். அவள் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா."

"ஏன்? இன்னிக்கு லீவுதானே. சாயங்காலம் வரைக்கும் நல்லாத் தூங்கு."

"தூங்குனேனே போன வாரம்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வாளியின் மூடியைத் திறந்து, மாவு எழும்பியிருக்கிறதா என்று பார்த்து, மூடினாள். "ஒரு நாள் எறக்கி வெச்சிட்டு மறுநாள் தூக்கறப்ப கனம் ஜாஸ்தியா இருக்குது. எறக்காமயே இருந்துட்டா அவ்வளவா தெரியறதில்ல. இருக்கட்டும் விடு, நானே வெச்சுக்கறேன்."

அவன் நீட்டிய கையை மடக்கவும் இல்லை, மேலே கொண்டுபோகவும் இல்லை. வெளியே யாரோ இன்னொரு வாளியோடு வந்து, "அம்சா, இடமிருக்கா?" என்று கேட்டார்கள். அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். சென்றாயன் பூவை அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் ஷிப்டுக்குச் சட்டையைத் துவைக்கக் கிணற்றடிக்குப் போனான்.